கொற்கை: குளத்து மண்ணில் இரண்டு செல்வம்

கெட்டும் பட்டணம் சேர் என்பது பழமொழி. பட்டணமே கெட்டுக் கிராமமாகிவிட்டால் என்ன சொல்வது? தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்கு அருகே உள்ள கொற்கையின் கதை அதுதான்.

ஒரு காலத்தில் முத்துக்குப் பேர் போன பாண்டியத் துறைமுகம் அது. இன்று ஒரு சிற்றூர். கடல் அங்கிருந்து ஏறக்குறைய 6 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. கப்பல் நின்ற பக்கமெல்லாம் வாழையும் நெல்லும் நிற்கின்றன. சரித்திரம் படித்தவர்கள் கொற்கையைப் பற்றிப் பேசும்போது அழிந்த நகரம் என்று வருத்தப்படுவார்கள். உழவன் அப்படி வருத்தப்பட வேண்டியதில்லை. துறைமுகத்தைத் தூர்த்த அதே வண்டல்தான் வயலைக் கொடுத்தது.

அந்த வண்டலைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது. கொற்கைக் குளத்தில் படிவதும் அதே வண்டல். உழவனுக்கு அது உரம். அதற்கு அடியில் இருப்பது ஊரின் பழைய ஆஸ்தி. இரண்டையும் ஒரே இயந்திரம் ஒரே மூச்சில் அள்ளிக் கொண்டு போய்விடக் கூடாது.

கடல் விலகிய விதம்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோ மீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. மலையிலிருந்து வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. வெள்ளந்தோறும் மண்ணைச் சுமந்து வருகிறது. முகத்துவாரத்தை நெருங்கியதும் வேகம் குறைந்து சுமையை இறக்கி வைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு இறக்கி வைத்த மண் மேடாகி, கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு கொற்கையைக் 'கொல்கோய்' என்று சொல்கிறது. பாண்டியனுக்குச் சொந்தமான அங்கே, தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய பூகோள நூலிலும் இந்தப் பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் கொற்கை முத்து அடிக்கடி வரும்.

கொற்கை தூர்ந்தபின் வியாபாரம் கடலை விரட்டிக் கொண்டு கீழே இறங்கியது. பழைய காயல் துறைமுகமாயிற்று. 13ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய 'காயில்' அதுதான். அதுவும் மண்மூடியது. பிறகு போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். அதற்குப் பின் தூத்துக்குடி. 1974ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஒரே ஆற்றின் மண் இத்தனை துறைமுகங்களை இடம் மாற்றி வைத்திருக்கிறது.

முத்தும் போய்விட்டது. தூத்துக்குடிக் கடலில் முத்துப் பார்களில் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961ம் ஆண்டோடு நின்றது. வண்டல் மட்டும் நின்றது. இன்றைக்கு அந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவது அந்த வண்டல்.

பக்கத்து ஊர்ப் பெயரே இதற்குச் சாட்சி. உமரிக்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. உமரி உப்புத் தரையில் முளைக்கும் செடி. நல்ல தண்ணீர் பாயும் வயலில் அது வராது. உமரி மண்டிக் கிடந்த இடத்தில் இன்று வாழை குலை தள்ளுகிறது என்றால் ஆறும் உழவனும் சேர்ந்து செய்த வேலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

ஊரில் பார்க்க வேண்டியவை

கொற்கைக்குப் போகிறவர்கள் மாளிகையையும் கோட்டையையும் தேடினால் ஏமாறுவார்கள். அங்கே இருப்பவை சிறியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு.

முதலாவது, அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில். அக்கசாலை என்றால் பொன் வேலை நடந்த இடம், காசு அடித்த இடம். கோயில் பாண்டியர் காலத்தது. நாணயச் சாலை மறைந்துவிட்டது. பெயரைச் சாமி காப்பாற்றி வைத்திருக்கிறது. கல்வெட்டில் இந்த ஊருக்கு மதுரோதய நல்லூர் என்ற பெயரும் காணப்படுகிறது.

இரண்டாவது, குளத்துப் பக்கம் உள்ள வெற்றிவேல் அம்மன் கோயில். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழா எடுத்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இந்த அம்மனைக் கண்ணகியோடு சேர்த்துப் பேசுவது ஊர் வழக்கம்.

மூன்றாவது, வன்னி மரம். இரண்டாயிரம் ஆண்டு மரம் என்று ஊரார் சொல்வார்கள். வயது எதுவாயினும் மரம் கிழமரம். முதுகு வளைந்து தரையோடு படுத்தும் துளிர்க்கிறது. உழவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். வன்னியும், குளங்களையும் கண்மாய்களையும் பிடித்துக் கொண்ட சீமைக் கருவேலும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. வன்னி மண்ணை வளப்படுத்தும். அதன் காய் ஆட்டுக்குத் தீனி. பக்கத்துப் பயிரை நெருக்காது. அதன் சீமை உறவினன் வந்த இடத்தில் வேறொன்றை வளர விடாது. ஊரில் பிறந்ததற்கும் வந்தேறியதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

நான்காவது, குளம். வழிகாட்டிப் பலகைகளில் குளத்தைப் புராதனச் சின்னம் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் கொற்கையின் சின்னங்களில் இன்றும் தினசரி வேலை செய்து கொண்டிருப்பது குளம் ஒன்றுதான். ஊருக்குக் குளம் இருப்பதால்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். மனிதர்கள் இருப்பதால்தான் கோயிலில் விளக்கு எரிகிறது.

மண்ணுக்குள் இருப்பது

1870களில் பிஷப் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் ஆராய்ந்தார். பயிர் மண்ணுக்குக் கீழே சில அடி ஆழத்திலேயே கடற்சிப்பிகள் கிடைத்தன. கடல் அங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

1968-69ல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அங்கே எடுத்த கரியைச் சோதித்ததில் அது கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தது என்று தெரிய வந்தது. மறுபடி 2021ல் அதே துறை தோண்டியது. அப்போது ஒன்பது அடுக்குள்ள சுடுமண் குழாய் ஒன்று வெளிப்பட்டது. சங்கு அறுத்த துண்டுகளும் வந்தன.

கொற்கையிலிருந்து அதிக தூரமில்லாத சிவகளையில் கிடைத்தது உழவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கலந்து நெல் இருந்தது. அதை அமெரிக்காவில் உள்ள சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று விடை வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே இது அறிவிக்கப்பட்டது. தாமிரபரணிக் கரையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நெல் விளைகிறது என்பதற்கு ஒரு கைப்பிடி நெல் அத்தாட்சி ஆயிற்று.

இதில் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. சிவகளைப் பரம்பில் சிதறிக் கிடந்த ஓடுகளை முதலில் கவனித்துச் சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். அதிகாரிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

கடைமடையின் கஷ்டம்

இப்போது குளத்துக்கு வருவோம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். 1870களில் கட்டப்பட்டது. மருதூர், ஸ்ரீவைகுண்டம் இரண்டு அணைக்கட்டுகளின் நான்கு கால்வாய்களை நம்பி 46,107 ஏக்கர் இருக்கிறது. கொற்கை அதன் கடைமடைப் பக்கம். கார் பருவத்துக்கும் பிசானத்துக்கும் மேலே உள்ளவர் பாய்ச்சி முடித்து மிஞ்சியதுதான் கீழே வரும். வந்த தண்ணீரைப் பிடித்து வைக்கக் குளம் வேண்டும். குளம் தூர்ந்து கிடந்தால் பிசானம் கதிர் விடும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. ஆற்றில் நீரோட்டம் குறையும்போது கடல் நீர் உள்ளே ஏறி வருவது கடலோர ஊர்களுக்குத் தெரிந்த தொல்லை.

ஆற்று மணலும் வண்டலும் எப்படி வம்பு வழக்காகும் என்பதை இந்த வட்டாரம் நன்றாகப் பார்த்திருக்கிறது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை போட்டது. மறுபக்கம், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் படிந்ததைத் தூர்வாருவதற்கு 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டி வந்தது. அள்ளக் கூடாத இடத்தில் அள்ளினார்கள். அள்ள வேண்டிய இடத்தில் அள்ளவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் கொட்டியது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தண்ணீருக்குள் நின்றன. மாவட்டத்தில் குளக்கரைகள் பல உடைந்தன. வாழைத் தோட்டங்கள் மணல் மேடாயின. தூர்ந்த குளத்துக்குக் கொள்ளளவும் இல்லை, கரைக்குப் பலமும் இல்லை என்பதை அந்த இரண்டு நாள் காட்டிவிட்டது.

ஆகவே குளத்தைத் தூர்வார வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. தூர்வாரத்தான் வேண்டும். வண்டலை உழவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கி ஏரி, குளத்து வண்டலை இலவசமாக எடுத்துக் கொள்ள அரசு வழி செய்திருப்பது நல்ல காரியம். கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்த காலம் போயிற்று.

கேள்வி வேறு. எவ்வளவு ஆழம், யார் பார்வையில் என்பதே அது.

எங்கே நிறுத்துவது?

குளத்து வண்டல் கறுத்து, வழவழவென்று, கையில் பிசைந்தால் ஒட்டும். மக்கிய இலையும் சாணமும் அதில் சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே பழைய தரை வரும். அது இறுகியிருக்கும், நிறம் மாறும். மண்வெட்டி பிடித்த கைக்கு இந்த வித்தியாசம் சொல்லாமலே தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. லோடு கணக்கில் கூலி பேசினவருக்குத் தெரிந்தாலும் நிறுத்த மனம் வராது.

பழைய தரையை உடைத்தால் உழவனுக்கு மூன்று நஷ்டம். இறுகிய அடித்தரை போனால் தண்ணீர் கீழே கசிந்துவிடும். பள்ளம் மடையை விடத் தாழ்ந்து போனால் அதில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கடலோர ஊரில் ஆழம் போகப் போக உவர் நீர் மேலே வரும் ஆபத்தும் உண்டு. அடித்தரை மண்ணில் சத்தும் கிடையாது. அதைக் கொண்டு போய் வயலில் போட்டால் உப்பைக் கொண்டு போய்ப் போட்டதாகவும் முடியலாம்.

தொல்லியல்காரர் சொல்வதும் இதே எல்லைதான். பானை ஓடும் செங்கல் கட்டும் தாழியும் இருந்தால் அந்தப் பழைய தரையிலும் அதற்கு அடியிலும்தான் இருக்கும். மேலே படிந்தது பிற்கால வண்டல். அதை எடுப்பதில் சரித்திரத்துக்குப் பெரிய சேதமில்லை. உழவனுக்கு வேண்டியது மேல் வண்டல். ஆராய்ச்சியாளருக்கு வேண்டியது கீழ்த் தரை. இருவருக்கும் சண்டை வர நியாயமே இல்லை. எல்லையைத் தாண்டி அள்ளி வேறு காரியத்துக்கு விற்கிறவர்தான் இருவருக்கும் எதிரி.

தண்ணீர் முதலில், சரித்திரம் பிறகு என்று கடைமடை உழவர் சொன்னால் அதில் தவறில்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் தூர்வாருவதை நிறுத்தி வைத்தால் ஒரு பருவம் போய்விடும். போன பருவத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கட்டும் என்பதுதான் கோரிக்கை.

மறைப்பதால் லாபமில்லை

தாழி வந்தது என்று சொன்னால் அரசு நிலத்தை எடுத்துக் கொள்ளும் என்ற பயம் பல ஊர்களில் உண்டு. அதனால் கிணறு வெட்டும்போது வந்ததை உடைத்து மூடிவிடுகிறார்கள். இந்தப் பயத்தைப் போக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை. கீழடியில் தென்னந்தோப்பில்தான் அகழாய்வு தொடங்கியது. நிலத்துக்காரர் சம்மதத்தோடு தோண்டினார்கள். ஆய்வு முடிந்த குழிகளை மூடினார்கள். இந்தச் செய்தி கொற்கை வட்டாரத்துக் கிராம சபைகளில் எடுத்துச் சொல்லப்பட வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்து கொள்வது நல்லது. 1878ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உள்ளது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எந்தப் பொருள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமை கோருவோர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக் கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும். சொல்வதே லாபம்.

ஆனால் பானை ஓட்டுக்குச் சந்தையில் விலையில்லை. விலையில்லாததை யார் கொண்டு போய்க் கொடுப்பார்கள்? இங்கே இங்கிலாந்து நாட்டு வழக்கம் ஒன்று நமக்கு உதவும். அங்கே சிற்றூர்கள்கூடத் தங்கள் கோயிலையும் பாலத்தையும் பழைய மரத்தையும் பற்றிப் பெருமையோடு எழுதி வைத்துக் கொள்ளும். 1997ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். உழும்போதும் நடக்கும்போதும் கிடைத்த பழம்பொருளை ஜனங்கள் கொண்டு வந்து காட்டலாம். அதற்கென்று வட்டாரந்தோறும் ஓர் அலுவலர் உண்டு. அவர் பார்த்து, எந்த வயலில் கிடைத்தது என்று பதிவு செய்வார். புதையல் சட்டத்துக்குள் வராத பொருளாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பயமில்லாததால் ஜனங்கள் தாங்களாகவே வருகிறார்கள். லட்சக் கணக்கான பொருள்கள் இப்படிப் பதிவாகியிருக்கின்றன.

ஆதிச்சநல்லூரும் சிவகளையும் கொற்கையும் ஒரே ஆற்றங்கரையில் உள்ள மாவட்டத்தில் இதைச் செய்ய முடியாதா? தாராளமாக முடியும்.

செய்ய வேண்டியவை

கொற்கைக் குளத்திலும் அதையடுத்த பழைய ஊர்க் குளங்களிலும் தூர்வாருமுன் பழைய தரையின் மட்டத்தை நீர்வளத் துறை அளந்து கல் நட வேண்டும். அந்தக் கல்லுக்குக் கீழே யாரும் வெட்டக் கூடாது.

வேலையைச் சித்திரை, வைகாசியில் முடிக்க வேண்டும். காருக்குத் தண்ணீர் விடும் நேரத்தில் அனுமதி கொடுத்துப் பயனில்லை.

வேலை நடக்கும் நாட்களில் தொல்லியல் துறை ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவருக்குத் துணையாக ஊர்ப் பள்ளி ஆசிரியரையும் பாசன சங்கத்தார் ஒருவரையும் வைத்துக் கொள்ளலாம். ஓடு வந்தால் அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலை நடக்கட்டும்.

வண்டல் முதலில் அந்தக் குளத்து ஆயக்கட்டுக்காரர்களுக்கே போக வேண்டும். மாட்டு வண்டியும் டிராக்டரும் வைத்திருக்கிற சிறு விவசாயி வரிசையில் நிற்க, லாரிகள் முந்திக் கொண்டு போகக் கூடாது. எடுக்கிற உழவரும் ஒரு பிடி மண்ணை உப்புச் சோதனைக்கு அனுப்பிவிட்டு வயலில் போடுவது நல்லது.

கொற்கை மண்ணில் கிடைத்ததைக் கொற்கைப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும். தங்கள் வயலின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள அவர்கள் பஸ் ஏறிப் போகும் நிலை சரியல்ல.

பயிர் மண்ணுக்கு அடியில் கிடைத்த சிப்பியால் கடல் இருந்தது தெரிந்தது. தாழிக்குள் கிடைத்த நெல்லால் உழவு இருந்தது தெரிந்தது. இரண்டையும் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தது மண். அந்த மண்ணைக் கையில் எடுக்கிறவர் முதலில் உழவர்தான். மண்வெட்டி 'டங்' என்று தட்டினால் ஒரு நிமிஷம் நிறுத்திக் குனிந்து பார்த்துவிட்டு வெட்டட்டும். அதற்கு ஒரு பருவமும் போகாது.